கின்னஸ் சுவரும் பள்ளிப் பிள்ளைகளும்

ஜப்பானின் கமாய்ஷி நகரத்துப் பெரியவர்கள் சுனாமிக்கு முறையாகவே தயாரானார்கள். 1978 முதல் 2009 வரை பாடுபட்டு, 63 மீட்டர் ஆழத்தில் அலைதடுப்புச் சுவர் எழுப்பினார்கள். உலகிலேயே ஆழமானது என்று கின்னஸ் சான்றிதழும் வந்தது. அபாய வரைபடத்தில் நகரின் உனோசுமாய்ப் பகுதிப் பள்ளிகள் இரண்டும் ஆபத்துக் கோட்டுக்கு வெளியே சௌக்கியமாக இருந்தன.

பேராசிரியர் தோஷிதாகா கதாதா மட்டும், வரைபடத்தை நம்பாமல் முதல் ஆளாக ஓடுங்கள் என்று பிள்ளைகளைக் கெடுத்துவந்தார். அரசாங்கம் அச்சடித்ததைச் சந்தேகிக்கச் சொல்லித்தரும் பாடம்! மதிப்பெண் உண்டா என்று எந்தப் பெற்றோரும் கேட்கவில்லை போலும்.

2011 மார்ச் 11. நிலம் அதிர்ந்ததும் பெரிய மாணவர்கள் ஓடினார்கள், வழியில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு. குறித்துவைத்த இடத்திலும் நிற்கவில்லை. மலைச்சரிவு இடிவதைப் பார்த்து இன்னும் மேலே, பிறகு அதற்கும் மேலே. அவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் ஓடினார்கள். கின்னஸ் புத்தகம் படித்திராத கடல் சுவரை உடைத்தது; உனோசுமாயில் இரண்டு பள்ளிகளையும் மூழ்கடித்தது.

சுவர் அலையைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தியதாகப் பொறியாளர்கள் பிற்பாடு கணக்குக் காட்டினார்கள். இருக்கலாம். 2018-இல் அதைத் திரும்பக் கட்டி முடித்தார்கள்.