ஸ்டார் பதவி பறிபோன கதை

2009 வாக்கில் கூகுளில் மிஷ்கோ ஹெவெரி என்றொரு இன்ஜினியர். அவருடைய டீம் ஆறு மாதம் உட்கார்ந்து 17,000 வரி கோடு எழுதியிருந்தது. ஓய்வு நேரத்தில் தான் செய்து வைத்திருந்த ஒரு சாமானைக் காட்டி, இதை வைத்து எல்லாவற்றையும் ரெண்டே வாரத்தில் திரும்ப எழுதிவிடுவேன் என்று மேனேஜரிடம் பந்தயம் கட்டினார். மூன்று வாரம் ஆனது. பந்தயம் போச்சு. ஆனால் கோடு 1,500 வரியாக இளைத்திருந்தது! டெட்லைனை ஒரே ஒரு வாரம் மட்டும் தவறவிட்ட மனிதரை இந்தத் தொழிலில் தோற்றவர் என்று யாராவது சொல்வார்களா? அந்தச் சாமான்தான் ஆங்குலர்ஜேஎஸ் என்கிற வெப் ஃப்ரேம்வொர்க்.

ஊரெல்லாம் அதைக் கற்றுக்கொண்டு, ரெஸ்யூமேயில் போல்டில் போட்டுக்கொண்டது. 2014 அக்டோபர், பாரிஸ் மாநாடு. ஆங்குலர் டீமே மேடையேறி, கன்ட்ரோலர், ஸ்கோப் என்று ஒவ்வொன்றுக்கும் கல்லறை வரைந்த ஸ்லைடைக் காட்டியது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததே அந்தக் கல்லறைக்குள் இருந்தவர்களால்தான்.

2016-ல் ஆங்குலர் 2 வந்தது. கூடவே நம் கதாநாயகனும். என்ஜிஇஃப், என்ஜிஃபார் என்று எழுதி, முன்னால் ஒரு * போட வேண்டும். எதற்கு ஸ்டார்? அதைப் பார்த்ததும் கம்பைலர் உள்ளுக்குள் நீட்டி முழக்கி வேறொன்றாக விரித்துக்கொள்ளும். ரொம்ப கெட்டிக்காரத்தனம். என்ன, இஃப் கொடுத்தவர்கள் எல்ஸ் கொடுக்க மறந்துவிட்டார்கள்!

எல்ஸ் வர 2017-ல் ஆங்குலர் 4 வர வேண்டியிருந்தது. (3 எங்கே என்கிறீர்களா? ரவுட்டர் மட்டும் அவசரப்பட்டு முன்கூட்டியே 3-க்கு ஓடிவிட்டது. எல்லாரையும் ஒரே நம்பரில் நிறுத்துவதற்காக 3-ஐயே தாண்டிக் குதித்தார்கள்.) வந்த எல்ஸும் பக்கத்தில் உட்காராது. கீழே எங்கேயோ தனி டெம்ப்ளேட்டில் எழுதி, அதற்குப் பெயர் வைத்து, மேலேயிருந்து கூப்பிட வேண்டும். கேள்வி வாசலில், பதில் கொல்லைப்புறத்தில். இப்படியே ஆறேழு வருஷம் குடித்தனம் நடந்தது.

2023-ல் ஞானோதயம். ஸ்டாருக்குப் பதிலான புது சின்டாக்ஸுக்கு டீம் முதலில் நீட்டியது வளைவு அடைப்புக்குள் # போட்ட வடிவம். டெவலப்பர்களோ @ தான் அழகு என்றார்கள். ஜனநாயகம் ஜெயித்தது. நவம்பரில் ஆங்குலர் 17-ல் @இஃப், @ஃபார் எல்லாம் வந்தன. ஆனால் @ சின்டாக்ஸ் ஆகிவிட்டால், ஃபூட்டரில் ஒவ்வொரு கம்பெனியும் போட்டு வைத்திருக்கும் இமெயில் முகவரி என்னாவது! அந்த அப்பாவி @ எல்லாவற்றையும் @ என்று மாற்றி எழுத, அப்டேட்டோடு ஒரு தனி மைக்ரேஷனையே சேர்த்து அனுப்பினார்கள்.

பழசைப் புதுசாக்கவும் மெஷின் தயார். டெர்மினலில் ஒரே கமாண்ட். கொல்லைப்புறத்து எல்ஸை அலுங்காமல் தூக்கிவந்து இஃப்புக்குக் கீழேயே உட்கார வைக்கிறது. வேறு யாரும் கூப்பிடாவிட்டால் காலியான டெம்ப்ளேட்டைத் துடைத்தும் விடுகிறது. இவ்வளவு மரியாதையாக நம் கோடை நாமே நடத்தியதில்லை. 2025 மேயில் ஆங்குலர் 20 வந்தபோது ஸ்டார் கோஷ்டியை டெப்ரிகேட்டட் என்றே அறிவித்துவிட்டார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் மெஷின் தலையைச் சொறிகிறது. பழைய ஃபாரில் ட்ராக் கொடுப்பது உங்கள் இஷ்டம், புதியதில் கட்டாயம். எந்த வரிசை எது என்று அடையாளம் காண ஐடி இருக்கிறதா, ஆர்டர் நம்பரா? அது மெஷினுக்கு எப்படித் தெரியும்? பழைய நடத்தை கெடாதபடி, அயிட்டத்தையே ட்ராக் என்று எழுதிவிட்டு நகர்கிறது. சர்வரிலிருந்து லிஸ்ட்டை மறுபடி எடுத்தால் ஆப்ஜெக்ட் எல்லாம் புதுசு; மொத்த டேபிளும் இடிந்து மறுபடி எழும்பும். உடனே கன்சோலில் என்ஜி0956 என்று மஞ்சளாக ஒரு வார்னிங்: உன் ட்ராக் சரியில்லை, பார்! எழுதியது அவர்கள் மெஷின், கண்டிப்பது அவர்கள் ஃப்ரேம்வொர்க், கிட் ப்ளேமில் இருப்பது உங்கள் பெயர்.