தாத்தா பெட்டியில் ஒரு ராணி

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் 1862 என்று போட்ட விக்டோரியா மகாராணி வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்து விற்றால் லட்சக்கணக்கில் போகுமாமே?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் அந்தப் புளியைக் குழம்புக்கு எடுத்து வையுங்கள்! தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் தொடத் தயங்குவார்கள். வெள்ளியின் இயற்கையான கறுப்பு குறையல்ல. தேய்த்த கீறல்தான் குறை.

வயதை வைத்து விலை ஏறுவதில்லை. 1862 என்ற ஆண்டைப் போட்டே 1874 வரை அச்சடித்துத் தள்ளினார்கள். அதனால் உங்கள் ராணிக்கு உடன்பிறப்புகள் ஏராளம். அவருக்குப் பின் வந்த ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்தான் அபூர்வம்; அதற்கே மவுசு அதிகம்.

அடுத்தது தரம். பூதக்கண்ணாடியில் ராணியின் காதோர முடி இழைகளையும் மேலாடையின் பூவேலையையும் பாருங்கள். மேடான இடங்கள்தான் முதலில் தேயும். அவை தெளிவாக இருந்தால் நல்ல விலை, மழுங்கியிருந்தால் 11.66 கிராம் எடையில் உள்ள 91.7 சதவீத வெள்ளியின் மதிப்பை ஒட்டித்தான் கிடைக்கும். உலக அளவில் 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் ஷெல்டன் அளவுகோலும் உண்டு.

'ரிசர்வ் வங்கி வாங்குகிறது, முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது போன் செய்தால் உடனே துண்டியுங்கள். இது மோசடி என்று 2021இல் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது. நாணயக் கண்காட்சியில் இரண்டு மூன்று பேரிடம் காட்டி விசாரித்த பிறகே விற்பதைப் பற்றி யோசியுங்கள்.