சுந்தரரும் ஸ்டீரியோவும்: டோல்கேட் வால்வு ஆம்ப்ளிஃபயரின் உத்தரவாத எல்லை குறித்து ஓர் ஆய்வு

எந்த ஆய்வையும் சொல்லாராய்ச்சியில் தொடங்குவது தமிழ் மரபு. சென்னை டோல்கேட்டில் நின்றுகொண்டு "ட்யூப் ஆம்ப்ளிஃபயர் செய்யறவர் வீடு எது?" என்று கேட்டால் பஞ்சர் கடையைக் காட்டுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்தது இந்தத் திருவொற்றியூரில்தான். இந்தப் பக்கத்தில் ட்யூப் என்றால் காற்றை அடைக்கும் பொருள். நான் தேடியதோ, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட கண்ணாடிக் குடுவை. 'வால்வு' என்று மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். பிளம்பரின் போன் நம்பர் கிடைத்தது. கவர்னர் ஜோசப் காலெட் பெயரில் எழுந்த காலெட் பேட்டை, காலடிப்பேட்டையாகி அடுத்த மெட்ரோ ஸ்டேஷனாகவே நிற்கிற இடம் இது. சொல்லில் பிடிவாதம் பிடித்துப் பயனில்லை. "பழைய ரேடியோவுக்குள்ள செவப்பா எரியுமே" என்றதும் ஒரு பாட்டி, "அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று சந்தைக் காட்டினார்.

கைவேலை வால்வுக் கருவிகளில் சென்னையில் எனக்குக் கிடைத்த மூத்த சான்று 1924ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அந்த ஜூலையில் 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு ஒலிபரப்பியது. மூன்று வருஷத்தில் காசு தீர்ந்தது. கருவி மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தது. கைவேலைக்காரரும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போனதில்லை என்பதற்கு இதுவே முதல் கல்வெட்டு. இன்று டில்லியில் லிரிடா ஆடியோ போன்ற சிறு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் டில்லிக்கும் டோல்கேட்டுக்கும் இடையே உள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள் என்பதால் அவற்றை இத்துடன் விடுகிறேன்.

பாட்டி காட்டிய சந்தில் ஆம்ப்ளிஃபயர் செய்யும் அண்ணன், பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். இது தற்செயல் அல்ல. வால்வு ஆம்ப்ளிஃபயரில் வால்வு வெறும் அலங்காரம். உயிர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. இ.எல். 84 என்ற வால்வு எதிர்பார்க்கும் சுமை சுமார் 5,000 ஓம். ஸ்பீக்கரிடம் இருப்பது 8 ஓம். 625 மடங்கு அந்தஸ்து வித்தியாசமுள்ள இரு வீட்டாரையும் சேர்த்து வைக்கும் தரகர்தான் டிரான்ஸ்ஃபார்மர். 625க்கு வர்க்கமூலம் 25. ஆகவே அந்தப் பக்கம் 25 சுற்றுக்கு இந்தப் பக்கம் 1. கேட்க எளிது. ஆயிரக்கணக்கான சுற்றுகளை, நடுநடுவே பேப்பர் வைத்து, இரண்டு சுருளையும் ஒன்றுக்குள் ஒன்று பொதிந்து, ஸ்டாம்பிங் அடுக்கி, சுருளில் ஓடும் டி.சி.யால் இரும்பு திணறாமலிருக்க மயிரிழை இடைவெளியும் விட வேண்டும். பெரிய கம்பெனிக்காரர்களின் விலை ஏறுவது இந்த இடத்தில்தான். அண்ணனுக்கு இது, அரிசி மில் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் நடுவே கிடைத்த சாயங்காலம்.

விலைச்சீட்டு, பழைய கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் இருந்தது. மூன்று டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்பும் இரும்பும், பெங்களூர் பி.இ.எல். ஒரு காலத்தில் செய்த பழைய இ.எல். 84 இரண்டு, முன்னால் நிற்க இ.சி.சி. 83 ஒன்று, கண்டன்சர், தகரம், பெயின்ட். கூலி என்று ஒரு வரி இல்லை.

"உங்க கூலிண்ணா?"

"நீயா பாத்துக் குடு."

பொருளாதார நூல்கள் இந்த விலையிடல் முறையைக் கண்டுகொள்ளவே இல்லை. 'பாத்துக் குடு' என்பது தள்ளுபடியும் அல்ல, தாராளமும் அல்ல. கொடுத்த தொகையை வாங்கியவர் கடைசிவரை மறக்கமாட்டார் என்பதால், கொடுப்பவன் தன் மனசாட்சியோடு தானே பேரம் பேசித் தோற்கும் ஏற்பாடு.

ஆம்ப்ளிஃபயரை வாங்கி வந்து வீட்டில் அளந்ததில் சைடுக்கு 5 வாட் வீதம் 10 வாட் சத்தம் வந்தது. சுவரிலிருந்து உறிஞ்சியது அதைப்போல நாலைந்து மடங்கு. "மிச்சம் எங்கடா போவுது?" என்றார் அம்மா. சூடாகப் போகிறது. ஏப்ரல் மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், எண்ணூர்க் காற்றும் நின்றுபோன மத்தியானத்தில் அது இன்னொரு மனிதரைப் போல அறையில் உட்கார்ந்திருந்தது. அம்மாவின் ஆட்சேபத்துக்கு அறிவியல்பூர்வமான மறுப்பு இதுவரை கிடைக்கவில்லை.

இனி மையக் கருத்து. இந்த ஆம்ப்ளிஃபயருக்கு உத்தரவாத அட்டை கிடையாது. அண்ணன் வாயால் சொன்னது இவ்வளவே: "நான் இங்கதான் இருப்பேன். ஏதுன்னா தூக்கினு வா." இந்த வாசகத்துக்குச் சரியான உரை பெரியபுராணத்தில் இருக்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, ஊரைவிட்டுப் பிரியேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. பிறகு திருவாரூர் நினைவு வந்து எல்லையைத் தாண்டினார், பார்வை போனது. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலுமாகத் தனித்தனியே திரும்பியது. இடது, வலது எனப் பிரித்துப் பழுது பார்க்கும் ஸ்டீரியோ முறைக்கு இதைவிடப் பழைய ஆவணம் என் கண்ணில் படவில்லை. ஊர் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் உத்தரவாதத்துக்கும் இதுவே முன்மாதிரி.

கருதுகோளைச் சோதிக்க வேண்டும் என்ற நோக்கமின்றி, வேலை மாறியதால் நான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தேன். எட்டாம் நாள் இடது சேனல் போய்விட்டது. சுந்தரருக்கு இரண்டும் போயின, எனக்கு ஒன்றுதான். நான் மரத்தடியில் சத்தியம் செய்திருக்கவில்லை.

'தூக்கினு வா' என்ற தொடரில் எழுவாய் வாங்கியவர் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பழைய போர்வையில் சுற்றி, ஏர்போர்ட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறப் போனேன். ஸ்கேனர் திரையில் இரும்புக் கட்டிகளையும் கண்ணாடிக் குழல்களையும் பார்த்த காவலர், "என்னங்க இது?" என்றார். "வால்வுங்க." "பைப் வேலையா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீல வழித்தடத்தில் டோல்கேட் வரை மடியிலேயே இருந்தது. இரண்டு ஸ்டேஷனுக்கு ஒருமுறை தொடையை மாற்றிக்கொண்டேன்.

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் சீரீஸ் பல்பில் போட்டுப் பார்த்தார். பல்பு மங்கலாகத்தான் எரிந்தது, ஷார்ட் இல்லை. ஆஃப் செய்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்டன்சரில் தங்கியிருந்த கரண்ட்டை இறக்கினார். 300 வோல்ட்டிடம் இரண்டு கையையும் கொடுக்கக் கூடாது என்பது தொழில் ஒழுக்கம். இடது வால்வையும் வலது வால்வையும் இடம் மாற்றிச் செருகி ஆன் செய்தார். கோளாறு வால்வோடு போகவில்லை, இடப்பக்கமே நின்றது. "வால்வு நல்லாக்கீது. சாக்கெட் லூசு. சாமான் ஏத்தச் சொல்லோ ஆட்டிட்டாங்க" என்றார். மறுபடி எல்லாவற்றையும் ஆஃப் செய்து இறக்கிவிட்டு, வால்வைப் பிடுங்கி, சாக்கெட்டின் ஒன்பது துளைகளிலும் ஓர் ஊசியை விட்டு நெம்பி இறுக்கினார். அரை நிமிஷம் சூடேறியதும் இடது பக்கம் பாடியது. காசு வாங்கவில்லை. டீ மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

காதில்லாத ஓர் ஊசியால் செல்வத்தையெல்லாம் விட்டு வந்த பட்டினத்தாரின் சமாதி அங்கிருந்து சற்றுத் தொலைவில் கடலோரம் இருக்கிறது. அப்படியிருந்தும், அண்ணன் கையிலிருந்த ஊசிக்குக் காது இருந்ததா என்று குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன்.