ஸ்விட்சில் கை வைக்காதீர்கள்!

கேள்வி: மட்டாஞ்சேரி பழம்பொருள் கடையில் எண்பதுகளின் 'பிபிசி மைக்ரோ' கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், கொச்சி

பதில்: ஆசை புரிகிறது. ஆனாலும் ப்ளக்கைச் சொருகிவிடாதீர்கள். 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த ரகம் அது. வெறும் 32 கேபி நினைவகம். இன்றைய செல்போன் போட்டோ ஒன்றுக்குக்கூடப் போதாது. அதில்தான் நம் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகினார்கள்!

முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். பழக்கமில்லை என்றால் தெரிந்த டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்; ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும். மஞ்சள் நிறத்தில், உள்ளே தெரிகிற உறையோடு ஒரு ஃபில்டர் கண்டன்சர் இருந்து, அதில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் காயல் காற்றின் ஈரம் உள்ளே காகிதத்தில் இறங்கியிருக்கும். கரண்ட் பாய்ந்தால் புகைந்து தள்ளும். மிளகும் சுக்கும் மணக்கிற தெருவே மூக்கைப் பொத்தும். அதே மதிப்பில் எக்ஸ்2 ரகம் வாங்கி மாற்றுங்கள்.

பிறகு போடுங்கள். தாழ்ந்த ஒலி, உடனே உயர்ந்த 'பீப்' என்றால் பிழைத்துவிட்டது! ஒரே ஒலி நிற்காமல் இழுத்தால், அணைத்துவிட்டுச் சாக்கெட் சிப்களைக் கழற்றி, கால்களில் ஏறிய களிம்பைத் துடைத்து, அழுத்தி உட்கார வையுங்கள்.