கிலோமீட்டருக்குப் பதினோரு ரூபாய்

ஐரோப்பாவுக்கு ரயில் பாஸ் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சென்னையில் அதற்காகவே மாதக்கணக்கில் தவம் கிடக்கும் மாமாக்கள் உண்டு. முப்பத்துமூன்று நாடுகளில் செல்லும் யூரெயில் குளோபல் பாஸா, சுவிட்சர்லாந்துக்கு மட்டும் தனி பாஸா? தொடர்ந்து பயணம் செய்யும் பாஸா, ஒரு மாதத்துக்குள் இஷ்டப்பட்ட நாலு நாள் மட்டும் ஏறும் பாஸா? செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் போகும் கிளேசியர் எக்ஸ்பிரஸில் வலது பக்கம் உட்கார்ந்தால் மலை அழகா, இடது பக்கமா? 291 பாலம், 91 சுரங்கம், எட்டு மணி நேரம். அந்த ரயிலில் ஏற பாஸ் மட்டும் போதாது, சீட் ரிசர்வேஷனுக்குத் தனியாக அழ வேண்டும். அதற்கே நாற்பது பிராங்குக்கு மேல், நம்ம காசுக்கு நாலாயிரத்தைத் தாண்டும். மாமா எல்லாவற்றையும் எக்ஸெல் ஷீட்டில் ஏற்றி, கலர் அடித்து, மாமியிடம் ஒப்புதல் வாங்கிவிட்டார்.

அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம். அறுபது தாண்டியவர்களுக்கு யூரெயிலில் பத்து சதவீதம் தள்ளுபடி. "வெள்ளைக்காரன் வயசானவாளுக்கு மரியாதை கொடுக்கறான், பார்த்தியா!" சொந்த நாட்டு ரயில்வே ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. அதற்காக மாமா ஒரு போஸ்ட் கார்டுகூடப் போடவில்லை.

போகட்டும். சுவிஸ் ரயில் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழகுதான். ஆனால் அந்த ரயில் மாமா வீடியோ எடுப்பதற்காக ஓடவில்லை. 1982-ல் அந்த நாடு ஊர் பேதம் பார்க்காமல் மணிக்கு மணி ரயில் என்று கால அட்டவணை போட்டது. 1987 டிசம்பரில் 'பான் 2000' என்ற பெரிய ரயில் திட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மக்கள் ஓட்டுப் போட்டு வாங்கினார்கள். தண்டவாளம் ஏறாத மலைக் கிராமத்துக்கு மஞ்சள் கலர் போஸ்ட் பஸ், ரயில் வரும் நேரத்துக்குச் சரியாக ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கும். மாமாவின் வீடியோவில் மலை இருக்கும், ஏரி இருக்கும், மணி கட்டிய பசு இருக்கும். அடுத்த ஸ்டேஷனில் புத்தகப் பையோடு ஏறும் பிள்ளை இருக்காது. அந்த ரயில் ஓடுவதே அந்தப் பிள்ளைக்காகத்தான்.

இப்போது நாகலாபுரத்துக்கு வாருங்கள். ரயிலில் வர முடியாது. சென்னை மாதவரத்தில் திருப்பதி பஸ் பிடித்து ஊத்துக்கோட்டை தாண்டி இறங்க வேண்டும். கிருஷ்ணதேவராயர் தன் தாயார் நாகலாதேவி பெயரில் உண்டாக்கிய ஊர். வேதநாராயண சுவாமி கோயிலில் பெருமாள் மச்சாவதாரம். ஒவ்வொரு மார்ச்சிலும் மூன்று நாள், சாயங்கால வெயில் கோபுர வாசல் வழியாக உள்ளே போகும். முதல் நாள் பாதம், மறுநாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி. பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சூரியன் இந்த ஊருக்கு நேரம் தவறாமல் வந்துவிடுகிறான். எண்பத்தெட்டு கிலோமீட்டர் வரவேண்டிய ரயில் 2008-லிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

அத்திப்பட்டு–புத்தூர் புதிய அகலப்பாதை, 88.30 கிலோமீட்டர். லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 2008-09-ல் அனுமதித்த திட்டம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அத்திப்பட்டிலிருந்து புத்தூருக்குக் கோடு போட்டுப் பாருங்கள். பென்சில் நாகலாபுரத்தை உரசிக்கொண்டு போகும். லாலுவுக்குப் பிறகு இந்தக் கோட்டின் மேல் மம்தா பானர்ஜி வந்தார், தினேஷ் திரிவேதி வந்தார், முகுல் ராய், சி.பி. ஜோஷி, பவன்குமார் பன்சால், மல்லிகார்ஜுன கார்கே, சதானந்த கவுடா, சுரேஷ் பிரபு, பியூஷ் கோயல், அஸ்வினி வைஷ்ணவ் என்று வரிசையாக வந்தார்கள். இந்தப் பாதையில் இதுவரை ஓடியது அமைச்சர்கள் மட்டும்தான். ஒருவரும் நாகலாபுரத்தில் நிற்கவில்லை.

2020-21 பட்ஜெட்டில் இந்தப் பாதைக்கு ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய். அச்சுப் பிழை இல்லை, பின்னால் கோடி, லட்சம் எதுவும் விட்டுப்போகவில்லை. ஒரு ஆயிரம். கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 32 காசு. ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அந்தக் காசுக்கு ஒரு டீ குடிக்கலாம், கூட ஒரு பிஸ்கட் கேட்டால் முறைப்பார்கள். மொத்த ஆயிரமும் சேர்ந்தால்கூட, கிளேசியர் எக்ஸ்பிரஸில் உட்கார மட்டும் கொடுக்கும் ரிசர்வேஷன் கட்டணத்தில் கால் பங்கு இல்லை. ஏன் ஆயிரம்? திட்டத்தின் பெயர் ரயில்வேயின் பட்ஜெட் பட்டியலான 'பிங்க் புக்'கிலிருந்து விழுந்துவிடக் கூடாதாம். இழுத்துக்கொண்டு கிடக்கும் கிழவனுக்கு வாயில் பால் ஊற்றுவார்களே, அதே சடங்கு. ஒரு வித்தியாசம்: வீட்டில் பால் ஊற்றுகிறவர்கள் அழுவார்கள். ரயில்வே வாரியத்தில் யாரும் அழுததாகத் தகவல் இல்லை.

அழ வேண்டியவர்கள் பஸ்ஸில் இருக்கிறார்கள். புத்தூர் கட்டு தெரியாதவர்கள் வட தமிழ்நாட்டில் குறைவு. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஞாபகம் வருவது அதுதான். நாகலாபுரத்தில் ஒரு அம்மா பத்து வயசுப் பையனோடு ஏறினார். பையனின் முன்கையில் இரண்டு மூங்கில் பட்டை வைத்துப் பழைய வேட்டித் துணியால் சுற்றியிருந்தார்கள். கையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றான்.

"ஏம்மா, புத்தூர் கட்டா? பின்னாடி போகாதீங்க, தூக்கிப் போடும். முன்னாடியே உட்காருங்க" என்றார் கண்டக்டர்.

"அண்ணா, கொஞ்சம் மெல்லப் போகச் சொல்லுங்கண்ணா."

"மெல்லத்தாம்மா போறாரு. ரோடுதான் துள்ளுது."

புத்தூர் சுமார் முப்பது கிலோமீட்டர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பையன் 'ஸ்ஸ்' என்றான். புத்தூர் போய்ச் சேர்ந்தால் அங்கே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, மெட்ராஸிலிருந்து பம்பாய் போக வெள்ளைக்காரன் போட்ட பாதையில். இந்தப் பக்கம் கிளைவிட வேண்டிய பாதைக்குத்தான் அந்த டீக்காசு.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பித்துவிட முடியாது. அத்திப்பட்டு தமிழ்நாட்டில், புத்தூர் ஆந்திராவில். 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. சத்தியவேடு தொகுதிக்குள் இருக்கும் நாகலாபுரத்தில் இன்றைக்கும் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். 2022-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாற்றினார்கள். மாவட்டம் மாறியது, பஸ் மாறவில்லை. சென்னையில் இந்தப் பாதையைப் பற்றிப் பேசினால், "லாபம் ஆந்திராக்காரனுக்குத்தானே?" என்பார்கள். அந்தப் பக்கம் கேட்டால், "அது மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகிற லைன்தானே?" என்பார்கள். மாமா பார்க்கப் போகிற பெர்னினா ரயில் சுவிட்சர்லாந்தில் கிளம்பி எல்லையைத் தாண்டி இத்தாலியில் திரானோ ஊரில் போய் நிற்கிறது. இரண்டு நாடு, வேறு வேறு மொழி, 1910-லிருந்து ஓடுகிறது. ஒரே நாடு என்று தொண்டை கிழியக் கத்தும் இடத்தில் இரண்டு மாநிலத்துக்கு நடுவே எண்பத்தெட்டு கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு வக்கில்லை.

பாஸ் பற்றி ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியா முழுக்க ரயிலில் சுற்ற 'இண்ட்ரெயில் பாஸ்' என்று ஒன்று இருந்தது. யார் வாங்கலாம்? வெளிநாட்டுக்காரர்கள் வாங்கலாம், வெளிநாட்டில் குடியேறிய இந்தியர்கள் வாங்கலாம். இங்கேயே பிறந்து, இங்கேயே வரி கட்டி, இங்கேயே அன்ரிசர்வ்டில் கக்கூஸ் பக்கத்தில் குத்தவைத்துப் போகிறவன் மட்டும் வாங்க முடியாது. 2017-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். நல்லது, அவமானத்தில் ஒன்று குறைந்தது. ஊட்டி மலை ரயிலை இழுத்த பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்தவை. அந்த ரயிலுக்கு டிக்கெட் கிடைக்காமல் சலித்துப்போய் மாமா எஞ்சின் பிறந்த ஊருக்கே கிளம்புகிறார் என்று வைத்துக்கொண்டாலும், அவர் மேல் முழுக்கக் கோபப்பட முடியவில்லை.

கோபம் வருவது அவர் திரும்பி வந்த பிறகு. ஃப்ளாட் அசோசியேஷன் கூட்டத்தில் பெரிய டிவியில் வீடியோ போடுவார். "ஒரு நிமிஷம் லேட் ஆகலை சார். நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கு கிடையாது, அதான் இங்க எதுவும் வராது." முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்த பையனுக்கு இதைவிட ஒழுங்கு எங்கே கற்றுத் தருவது என்று எனக்குத் தெரியவில்லை. பட்ஜெட் நாளன்று வருமான வரி வரம்பு எத்தனை லட்சம் என்று கேட்டதும் டிவியை அணைத்தவர் மாமா. கலர் அடித்த எக்ஸெல் ஷீட்டில் ஒரே ஒரு வரி அத்திப்பட்டு–புத்தூருக்குக் கொடுத்திருந்தால், எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுகிற அளவுக்காவது விஷயம் தேறியிருக்கும்.

அந்த ஷீட்டில் முதல் வரி ஷெங்கன் விசா. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ; மறுத்தால் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு ஆள் கட்டுகிற பணத்தில், ஆயிரம் ரூபாய்க் கணக்குப்படி இந்தப் பாதைக்கு ஒன்பது வருஷத்து ஒதுக்கீடு தாராளமாக முடிந்துவிடும். மாமாவையும் மாமியையும் சேர்த்தால் பதினெட்டு வருஷம். விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்கிறார்கள். அதை ரயில்வே வாரியத்திடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.