குட்டி யானைக்கு மேல் ஒரு பழைய ஜீப்

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய மகிந்திரா ஜீப்புக்கு ஒரு பாடி கிடைத்திருக்கிறது. பொம்மையார்பாளையம் கொண்டுவர ‘குட்டி யானை’ போதுமா?

எடைக்குப் போதும், அகலத்துக்குப் போதாது. குட்டி யானை என்கிற டாடா ஏஸ் வண்டித் தட்டின் அகலம் 1,490 மில்லிமீட்டர். உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் அகலம் 62 அங்குலம், அதாவது 1,575 மில்லிமீட்டர். அந்த வழியில் வந்த மகிந்திராவும் ஒன்றும் இளைத்துவிடவில்லை. நாலு விரல் கடைதான் வித்தியாசம். ஆனால் அந்த நாலு விரலுக்காக லோடுமேன்கள் பாடியைச் சாய்த்து, பக்கப் பலகையின் விளிம்பில் உட்காரவைப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையும் அந்த விளிம்பு வழியாகத் தகரத்தில் இறங்கும். இன்னும் அகலமான பிக்கப்பாகப் பாருங்கள். வாடகை பேசும்போது ‘ஜீப் பாடி’ என்று மட்டும் சொன்னால் போதாது. டேப் பிடித்து அளந்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டிக்கொண்டு வந்தால்தான் என்ன?

20,000 ரூபாய். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் விதித்த அபராதம் அது. சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். பணத்தை விடுங்கள். இரவில் குழந்தையை முன்னால் உட்காரவைத்து எதிரே பைக்கில் வருகிறவருக்கு, வெளியே நீளும் தகர விளிம்பு கத்தி.

கேள்வி: கூரையில்லாத பாடியை எப்படித் தூக்குவது, எப்படிக் கட்டுவது?

உங்கள் ஊர்க் கரையில் ஃபைபர் படகை நகர்த்துகிறவர்களைப் பத்து நிமிடம் கவனியுங்கள். எங்கே தோள் கொடுத்தால் படகு தாங்கும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். ஜீப் பாடிக்கும் அப்படிச் சில இடங்கள் உண்டு. சேஸில் போல்ட் போட்டு உட்காரும் புள்ளிகள்தான் அவை. தட்டில் மரக்கட்டை வைத்து, மேலே சாக்கு மடித்துப் போட்டு, அந்தப் புள்ளிகள் கட்டையில் உட்காரும்படி இறக்குங்கள்.

சேஸிலிருந்து கழற்றிய பாடி மூடியில்லாத அட்டைப்பெட்டி மாதிரி. ஒரு மூலையைத் தூக்கினால் எதிர் மூலை முறுக்கும். கதவு இருக்க வேண்டிய இடத்தில் தாழ்வாக வெட்டியிருக்கிறதே, அங்கேதான் முதலில் வளையும். தரைத்தகடு துருப்பிடித்துப்போன பாடியென்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே அந்த வெட்டின் குறுக்கே ஒரு ஆங்கிள், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஒரு ஆங்கிள் என்று புள்ளி வெல்டு அடித்துவிடுங்கள். புதுத் தரைத்தகடு போட்டு, பாடியைச் சேஸில் பொருத்திப் பார்க்கும்வரை அவற்றை வெட்டாதீர்கள். முன்கண்ணாடி ஃபிரேமைப் பிடித்துத் தூக்க யாரையும் விடாதீர்கள். அதைக் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். பானட்டைப் படுக்கப் போட்டால் அதன்மேல் யாராவது ஏறி உட்காருவார். இரண்டு பழைய மெத்தைகளுக்கு நடுவே நிறுத்திக் கட்டுங்கள். வெறும் கயிறு தகரத்தில் தடம் பதிக்கும். அகலமான பெல்ட்டும், விளிம்புக்குச் சாக்கும் வேண்டும்.

கேள்வி: திண்டிவனத்தில் ஒரு பானட் வாங்கி ஏற்றிவந்தேன். என் ஜீப்பில் மூடவே மாட்டேன் என்கிறது.

உங்கள் வண்டி சிஜே-3பி, வந்தது அதற்கு முந்தைய சிஜே-3ஏ பானட் என்று நினைக்கிறேன். 1953-ல் வில்லிஸ் புது எஞ்சின் வைத்தது. பழைய எஞ்சினில் வால்வுகளெல்லாம் பக்கத்தில் இருந்தன. புதியதில் காற்றை உள்ளே விடும் வால்வுகள் மேலே ஏறின, எஞ்சின் உயர்ந்தது. அதற்கு இடம்விடத்தான் பானட்டையும் கிரில்லையும் தூக்கினார்கள். மகிந்திரா நம் நாட்டில் பல ஆண்டுகள் செய்தது இந்த உயர்ந்த மூக்கு ஜீப்பைத்தான். தட்டி நிமிர்த்திப் பொருத்த நினைக்காதீர்கள். அந்தப் பானட்டுக்காக வேறொருவர் காத்திருப்பார். இனி வாங்கும்முன் பக்கவாட்டு உயரத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: மணல் பீய்ச்சித் துருவெடுத்த பாடியை வீட்டு முற்றத்தில் ஒரு வாரம் வைத்திருக்கலாமா?

ஒரு இரவுகூட வேண்டாம். மரக்காணம் பாத்திகளில் உப்பு விளையும் கரை இது. காற்றில் வரும் உப்புத்துகள் தகரத்தில் உட்கார்ந்து ஈரத்தை இழுக்கும். விடியற்காலைப் பனியில் தகரம் முழுக்க உப்புநீர்ப் படலம். காலையில் பார்த்தால் செம்மஞ்சள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் உப்பு உள்ளேயே தங்கி, பிறகு கொப்புளமாகக் கிளம்பும்.

நான் பட்டது: வெறும் தகரமாக இருந்த ஒரு மட்கார்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி ஏற்றினேன். பகல் வெயிலில் உள்ளே வியர்த்துவிட்டது. பிரித்தபோது தாள் ஒட்டிய மடிப்புகளெல்லாம் துருக்கோடு. ஆகவே துருவெடுத்த பட்டறையிலேயே அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் கிளப்புங்கள். வெறும் ரெட் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும், அதை மட்டும் நம்பாதீர்கள். மேலே தார்ப்பாய், அடியில் காற்றோட்டம். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: வழியில் போலீஸ் நிறுத்தினால்?

பாடி வாங்கிய ரசீது, உங்கள் ஜீப்பின் ஆர்.சி. நகல், கழற்றும் முன் எடுத்த படங்கள் மூன்றும் டிரைவர் கையில் இருக்கட்டும். சேஸையும் ஏற்றினால் அசல் ஆர்.சி. வேண்டும், சேஸ் எண் அதில்தானே இருக்கிறது. மரக்காணம் தாண்டிவரும் வண்டி காலாப்பட்டில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்து, பொம்மையார்பாளையத்தில் மறுபடி தமிழ்நாட்டுக்கு வரும். இரண்டு காவல்துறைக்கும் அதே காகிதம்தான் பேசும்.

கேள்வி: அரியானாவின் மண்டி டப்வாலியில் புத்தம்புது ஜீப் பாடியே செய்கிறார்களாமே? இல்லை, இங்கே படகுப் பட்டறையில் ஃபைபரில் வார்த்துவிடலாமா?

டப்வாலி ஜீப்புக்குப் பேர்போன ஊர். ஆனால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். லாரிக்காரர் எடைக்கு வாடகை கேட்கமாட்டார், அடைக்கும் இடத்துக்குக் கேட்பார். ஃபைபர் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் 50 வயது தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜாகப் பதிய வேண்டுமென்றால் சேஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமின்றி அசலாக இருக்க வேண்டும். விதி இல்லாவிட்டாலும் நான் பழைய தகரத்தின் பக்கம்தான். அடியில் ஒரு சாண் உயரம் துருப்பிடித்திருந்தால் அந்த ஒரு சாணை மட்டும் வெட்டிப் புதுத்தகடு வையுங்கள். மேலே இருக்கும் மடிப்பும் வெல்டும் அந்தக் காலத்துத் தொழிலாளியின் கை. அதைத் திரும்பச் செய்ய முடியாது.

கேள்வி: டிங்கர் வேலைக்குப் பாடியைத் திண்டிவனம் அனுப்பவா, புதுச்சேரி அனுப்பவா?

எங்கேயும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு ஏற்றலும் இறக்கலும் ஒரு ஒடுக்கு. துருவெடுக்க ஒருமுறை போய்வந்தால் போதும். டிங்கரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சேஸ் பக்கத்தில் இருந்தால் தகடு வைத்ததும் அங்கேயே உட்காரவைத்துப் பார்க்கலாம். அவருக்கு வேண்டியது ஒரு நிழல், வெல்டிங்குக்கு ஒழுங்கான கரண்ட், நேரத்துக்குச் சாப்பாடு. காற்று கடலிலிருந்து வீசும் பக்கம் தார்ப்பாய் கட்டிவிடுங்கள்.