செயின்சா சார்

தோட்டத்தில் மரம் விழுந்தால் மற்றவர்கள் ஆள் தேடுவார்கள். செயின்சா சார் செல்போனைத் தேடுவார்.

இவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளராக இருக்கலாம், பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருக்கலாம், தலைமையாசிரியராகவும் இருக்கலாம். ஊருக்கு வெளியே இருபது சென்ட் இடம், அதில் ஒரு வீடு, நாலு தென்னை, ரெண்டு மா, ஒரு வேம்பு, கொல்லைப்புறத்தில் ஆசைக்கு ஒரு விறகடுப்பு. அந்த அடுப்பில் ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் காயும். பேரப்பிள்ளைகள் வந்தால் கோழிக் குழம்பு கொதிக்கும். மற்ற நாட்களில் அதன்மேல் பூனை படுத்திருக்கும். மாதத்துக்கு ஒரு சுமை விறகு இருந்தால் தாராளம். அந்த ஒரு சுமைக்காக அவர் வாங்கிக் குவித்திருப்பதைப் பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏதோ கூப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

இந்த ஆசை பெரும்பாலும் புயலோடு வருகிறது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர்ப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2016 டிசம்பரில் வர்தா சென்னையின் சாலையோர மரங்களைப் படுக்க வைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளை வாரிச் சுருட்டியது. ஒவ்வொரு முறையும் கையில் மோட்டார் ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள், ரோட்டை மறித்துக் கிடந்த மரத்தைத் துண்டு போட்டு ஒதுக்கிவிட்டுப் போனார்கள். நம்மவர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். மெஷினை மட்டும்தான் பார்த்தார். மரத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்த ஆள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் வளைந்து முறுக்கேறி நிற்கிறது, எங்கே வெட்டினால் பிளேடைக் கவ்விக்கொள்ளும், வெட்டியதும் பிடுங்கிக்கொண்டு நிற்கும் தூர் எந்தப் பக்கம் நிமிரும் என்று பார்த்தது அவர் கண்ணில் படவில்லை. அது பார்ப்பதற்குச் சுவாரஸ்யமான காட்சியும் இல்லை.

முதலில் வந்தது செயின்சா அல்ல, அதைவிட மோசமான ஒன்று. வெல்டிங் பட்டறையில் இரும்பு வெட்டும் கை கிரைண்டர் இருக்கிறதே, அதில் மாட்டிக்கொள்ள ஓரடி நீளப் பிளேடும் செயினும் தனியாக விற்கிறார்கள். விலை சல்லிசு. "ஒரே மெஷின், ரெண்டு வேலை" என்று சார் பூரித்துப் போனார். அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். செயின்சா என்று ஒழுங்காகச் செய்து விற்பதில் பின்னால் ஒரு கைப்பிடி இருக்கும், செயினைச் சட்டென்று நிறுத்த பிரேக் இருக்கும், விசையிலிருந்து விரலை எடுத்தால் ஓட்டம் அடங்கும். இந்த ஒட்டுமாங்கனியில் இதில் ஒன்றும் கிடையாது. ஸ்விட்சைத் தள்ளிவிட்டால் தள்ளியதுதான். கீழே போட்டாலும் ஓடும்.

ஓடியது. முருங்கைக் கிளையில் வெள்ளோட்டம் பார்த்தார். முதல் தொடுதலிலேயே அது துள்ள, சார் கையை விட்டார். தரையில் விழுந்த மெஷின் தன் பாட்டுக்குத் துளசி மாடத்தைப் பார்க்கக் கிளம்பியது. ஒயர் தீர்ந்து, பிளக் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் நின்றது. சமையலறை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏங்க, அதுக்குப் பேரு வச்சாச்சா?"

அடுத்த வாரம் அசல் செயின்சா வந்து இறங்கியது. 58 சிசி, 22 அங்குலப் பிளேடு. வீட்டு விறகுக்கு 14 அல்லது 16 அங்குலம் போதும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர் வீட்டில் கிடந்த மாங்கிளைகளோ தொடை கனம்கூட இல்லை. ஆனால் 16 அங்குலத்தை வந்தவர்களிடம் எப்படிக் காட்டுவது? பிளேடு நீள நீள அதன் முனை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் நிற்கும் என்பதுதான் இதில் உள்ள வினை. ஓடும் பிளேடு முனையின் மேல்பாதி ஏதாவது கட்டையில் பட்டால் போதும், மொத்த ரம்பமும் மேலே எகிறி, பிடித்திருப்பவரின் முகத்தையோ கழுத்தையோ நோக்கித் திரும்பும். யோசிக்க நேரம் கிடைக்காது. முன்கைக்கு எதிரே இருக்கும் தடுப்பு அதற்காகத்தான்: எகிறும் வேகத்தில் அது முன்னால் தள்ளப்பட்டு பிரேக் விழும். சார் அந்தத் தடுப்பைத் தூசி மறைப்பு என்று நினைத்திருந்தார்.

மற்றபடி அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. செயின்சாவின் பூர்வாசிரமம் மருத்துவம், 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் இரண்டு பேர் எலும்பு அறுக்கச் செய்தது என்பார். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டுப் புழு ஒன்று மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, 1940-களில் இன்றைய செயின் பல்லை வடிவமைத்த கதையைக் காப்பி ஆறும்வரை சொல்வார். கேட்க நன்றாகவே இருக்கும். சொல்லி முடித்து, வந்தவரைக் கொல்லைக்கு அழைத்துப் போய், நாலு இழுப்பில் மெஷினை உசுப்பி, மாங்கட்டையில் வைத்து அழுத்தினார். மரத்தூள் வரவில்லை. புகை வந்தது. இன்னும் அழுத்தினார். இன்னும் புகை.

வேலிக்கு அந்தப் பக்கம் மாடு கட்டிக்கொண்டிருந்த பையன் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "செயினைத் திருப்பி மாட்டியிருக்கீங்க சார்."

வெட்டும் பற்களின் கூர் பிளேடின் மேல்பக்கத்தில் முனையைப் பார்த்து இருக்க வேண்டும். சாருடையவை அவரைப் பார்த்து இருந்தன. கேலி செய்து பயனில்லை, புதிதாக மாட்டுகிறவர்களில் அநேகம் பேர் செய்வதுதான். பெட்ரோல் விஷயமும் அப்படியே. இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கையேட்டில் 25-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. செயினுக்கு வேறு ஆயில், அதற்கு வேறு டேங்க். இரண்டு மூடிகளும் ஒரே பக்கம், ஒரே நிறம். எதில் எது போனது என்பதைப் பற்றி அவர் வீட்டில் இன்றும் யாரும் பேசுவதில்லை. புது பிஸ்டன் மாட்டிய ரசீது மட்டும் பீரோவில் இருக்கிறது.

உடுப்புக்கு வருவோம். செயின்சா பிடிக்கும்போது சார் அணிவது: கட்டம் போட்ட கைலி, முண்டா பனியன், ஹவாய் செருப்பு. தலையில், பாதுகாப்பு முக்கியம் என்பதால், ஸ்கூட்டர் ஹெல்மெட்.

முழுவேகத்தில் செயின் விநாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும். நெடுஞ்சாலை பஸ் வேகம். கைலியின் தொங்கும் நுனி அதன் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இதற்கென்றே தொடையை மூடும் உறை உண்டு. அதன் உள்ளே நீள நீளமான இழைகளை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். செயின் பட்டவுடன் அவை உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி எஞ்சினையே நிறுத்திவிடும். ஐரோப்பியத் தரத்தில் இந்த 20 மீட்டர் வேகத்துக்குச் சோதித்ததை முதல் வகுப்பு என்கிறார்கள். சாருக்கு இது தெரியும், விலையும் பார்த்தார். "சித்திரை வெயில்ல இதப் போட்டா மனுஷன் அவிஞ்சிருவான்" என்று தள்ளிவிட்டார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது: அந்த உறைகள் பனி விழும் நாடுகளில் உருவானவை. மீதிப் பாதி நியாயத்துக்கு, காலை ஆறு மணிக்கு வேலை செய்யலாமே என்ற பதில் இருக்கிறது. ஆனால் ஆறு மணிக்குப் பார்க்க ஆள் இருக்காது.

காதுக்கு அவர் ஒன்றும் வைப்பதில்லை. 100 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வெறும் காதால் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனத்தின் வரம்பு. பெட்ரோல் செயின்சா அந்த 100-ஐச் சாதாரணமாகத் தாண்டும். கொல்லையில் ஒரு மணி நேரம் உறுமவிட்டு உள்ளே வந்தால், சாப்பிடக் கூப்பிடுவது சாருக்குக் கேட்காது. அம்மாவுக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

இராத்திரியில் அவர் சுவீடன், நார்வே வீடியோக்கள் பார்ப்பார். நார்வே அரசுத் தொலைக்காட்சி 2013-இல் விறகைப் பற்றியே 12 மணி நேரம் தொடர்ந்து ஒளிபரப்பியதும், அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று பார்த்தவர்கள் சண்டைக்கு வந்ததும் அவருக்கு மனப்பாடம். பின்லாந்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்த ஹெய்க்கி கார்னா என்பவர், தலை ஒரு பக்கமாகக் கனத்த கோடாலி ஒன்றைக் கண்டுபிடித்தார். அது கட்டையில் இறங்கியதும் நெம்புகோலாகத் திரும்பிச் சிம்பைப் பெயர்த்துத் தள்ளும். "பாத்தியா, ரிட்டயர் ஆகிற வயசுல சாதிச்சிருக்கான்" என்பார். கார்னாவின் மேஜையில் ஆகாய விமானங்கள் இருந்தன. சாரின் மேஜையில் கடன் கோப்புகள். பொறுமை இரண்டு பேருக்கும் ஒன்றல்ல.

விறகு கடைசியில் யார் பிளக்கிறார்கள் என்றால், தெருமுனையிலிருந்து வரும் ஒரு பெரியவர்.

அவரிடம் இருப்பவை ஒரு கோடாலி, இரண்டு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி. வந்ததும் அவர் கேட்பது பழைய கார் டயர். முழங்கால் உயரப் புளியங்கட்டையை மண்ணில் அசையாமல் நட்டு, மேலே டயரைப் போட்டு, அதற்குள் விறகுத் துண்டைச் செங்குத்தாக நிறுத்துவார். பிளந்த சிராய் பறக்காது, குனிந்து குனிந்து பொறுக்க வேண்டாம். அடி தப்பினாலும் கோடாலி புளியங்கட்டையில் இறங்கும், முழங்காலுக்கு வராது. கட்டையின் தலையில் வெயிலில் விட்ட வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். கணுவை ஒதுக்கி, ஓரத்திலிருந்து ஆரம்பிப்பார். கால் இரண்டையும் அகட்டி, இறக்கும்போது முழங்காலை மடக்கி, ஒரே வீச்சு. மாங்கட்டை இரண்டாகிக் கிடக்கும்.

ஆப்பின் தலையைச் சம்மட்டி அடித்து அடித்து ஓரம் பிதுங்கி மடிந்திருந்தது. அந்தப் பிசிறு தெறித்தால் கண் போகும். "சார், உங்க கிரைண்டர் கிடக்குமே, இதத் தேச்சுக் குடுங்களேன்" என்றார் பெரியவர். அந்த வீட்டில் கிரைண்டர் முறையான வேலை ஒன்று செய்தது அன்றைக்குத்தான்.

பெரியவரையும் ஒரேயடியாகத் தூக்கி வைத்துவிட முடியாது. வெறுங்கால். கண்ணுக்கு ஒன்றும் கிடையாது. இடது கால் பெருவிரலில் நகம் கிடையாது. எப்படிப் போனது என்று கேட்டால் "அது ஒரு காலம்" என்பார். சார் மனம் இளகி, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். பெரியவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பேரன் கல்யாணத்துக்குப் போட்டுக்கிறேன் சார்" என்று எடுத்துப் போனார். பேரன் எட்டாவது படிக்கிறான்.

நீளக் கட்டைகளை அறுக்கும்போது ஆடாமல் பிடிப்பதற்கும் பெரியவரே வழி சொன்னார். சவுக்குக் கம்புகளைப் பெருக்கல் குறியாகக் கட்டி இரண்டு ஜோடி, நடுவே ஒரு குறுக்குக் கட்டை. அதன் மடியில் மரத்தை வைத்தால் உருளாது. வெட்டு தாங்கலுக்கு வெளியே விழும்படி வைத்தால் துண்டு கீழே போகும், ரம்பத்தைக் கவ்வாது. கையளவு கனமுள்ள கிளைகளுக்கு வில் ரம்பமே போதும், பெட்ரோலும் வேண்டாம் சத்தமும் வேண்டாம். சார் வீட்டில் உருப்படியான பாதுகாப்புச் சாதனம் என்று ஒன்றைச் சொல்வதானால் இந்தச் சவுக்குக் கவட்டையைத்தான் சொல்ல வேண்டும். விருந்தாளிகளுக்கு அவர் அதைக் காட்டியதே இல்லை. அதில் அம்மா போர்வை உலர்த்துகிறார்.

இப்போது அவர் கண் ஹைட்ராலிக் பிளப்பான் மேல் விழுந்திருக்கிறது. முறையாகச் செய்த இந்த மெஷினில் இரண்டு பிடிகள். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தள்ளும், ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். கட்டைக்கும் கத்திக்கும் நடுவே நீட்ட மனிதனுக்கு மூன்றாவது கை கிடையாது என்ற நம்பிக்கையில் செய்தது. ஒரு பிடியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் ஒரு கையாலேயே ஓட்டலாமே என்று சார் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அதற்கு முன்னோட்டமாக ஈரமானி வந்துவிட்டது. தீப்பெட்டி அளவு கருவி, முன்னால் இரண்டு ஊசி. பிளந்த முகத்தில் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். 20-க்குக் கீழே இருந்தால் விறகு நன்றாக எரியும், மேலே போகப் போகப் புகையும். புது மாங்கட்டையில் குத்தினார், 20-க்கு ரொம்ப மேலே நின்றது. மழைபடாமல் அடுக்கிக் காயவிட ஆறு மாதமாவது ஆகும். அதுவரை அடுப்புக்கு?

சார் ஈரமானியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விறகுக் கடைக்குப் போனார். கடையில் விறகு எடைபோட்டு விற்பது. ஒரு சவுக்குக் கட்டையை எடுத்து, பிளந்த பக்கம் பார்த்து, ஊசியை அழுத்தி, எண்ணைக் கடைக்காரரிடம் காட்டினார். சுற்றி நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்து, வாசலைக் காட்டினார். "சார், உங்களுக்கு வேணுங்கிறத எடுத்துக்குங்க, காசு பொறவு பாத்துக்கலாம். அந்தச் சாமானை மட்டும் பையில போட்டுக்கிட்டுச் சீக்கிரம் கிளம்புங்க."